தொட்டிக்கும் வயிறு உண்டு

அந்த அம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கொழும்புப் பக்கம் கல்யாணம் முடித்துப் போயிருக்கும் அவருடைய மகள், தன் தாய் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்ததாக அங்கே சொல்லி வைத்திருக்கிறாளாம். அதாவது, தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டது பதினெட்டு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியை. ஆனால் பிள்ளையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

காலை ஆறரைக்கு, ஆட்கள் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும் நேரத்தில், தொட்டியிலிருந்து கடைசியாகத் தண்ணீர் விழும் குழாயடியில் குந்தியிருப்பார். ஆம்பிளை ஸ்வெட்டர், இடுப்பில் கொழுந்து பறித்த காலத்துப் படங்குச் சாக்கு, கையில் ஜாம் போத்தல். போத்தலின் கழுத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கும். தண்ணீரைப் பிடித்து முதலில் மோந்து பார்ப்பார். பிறகு நீர்த்தேக்கம் இருக்கும் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். பார்த்துவிட்டு மூன்றில் ஒன்றைச் சொல்லுவார்: "இன்னைக்கு நல்லாருக்கு." அல்லது, "இன்னைக்குச் சோம்பலா இருக்கு." அல்லது, "யார் வீட்டுலயோ மேலுக்கு முடியல."

மூன்றாவதைச் சொன்ன நாட்களில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும்; ஏதோ ஒரு வீட்டில் ஒருவர் நோயில் படுத்திருப்பார்.

மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தோட்டம். மேலே இருந்த வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் மண் சரியத் தொடங்கியதால், கீழே பதினெட்டுக் குடும்பத்துக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர். அப்பா பெயரில் எங்களுக்கும் ஒரு வீடு வந்தது. இடமோ பாறை. வீட்டுக்கு வீடு குழி வெட்ட முடியாது. அதனால் எல்லா வீட்டுக் கழிவும் குழாய் வழியாக ஒரே தொட்டிக்குப் போகும். அங்கே கசடு அடங்கி, பக்கத்தில் சல்லிக்கல் பரப்பிக் கல்வாழை நட்ட பெரிய பாத்திக்குள் மெல்ல ஊர்ந்து, மறுமுனைக் குழாயில் தெளிந்த தண்ணீராக விழும். விழுகிற தண்ணீரைத் தூரத்து ஓடைக்குக் கொண்டுபோக இன்னொரு நீளக் குழாய் போடுவதாக இருந்தது. கட்டியவர்கள் அதை மட்டும் போடாமல் போய்விட்டார்கள். தண்ணீர் வடிகால் கானில் இறங்கி, கீழ் லயத்துப் பீலிக்கு மேலே இருக்கும் மண்ணில் சுவறியது. மலை ஊற்றைத் தகரக் குழாய் வைத்துத் திருப்பிய இடம்தான் பீலி. கீழ் லயத்தில் பன்னிரண்டு குடும்பம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

கட்டி முடித்த அன்று ஒரு பொறியியலாளர் வந்து படம் மாட்டி விளக்கினார். அவர் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன, அவை கழிவைத் தின்று செரித்துத் தண்ணீரைச் சுத்தமாக்குகின்றன என்றார். பின்வரிசையிலிருந்து அந்த அம்மா கேட்டார்:

"அதுங்களுக்குப் பசிக்குமா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் மொழிபெயர்த்தேன். பொறியியலாளர் சிரிக்கவில்லை. பசிக்கும், நஞ்சு போட்டால் சாகும் என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். என் வாயால், சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

"அப்ப இதுக்கு வயிறு இருக்கு," என்றார் அந்த அம்மா, பக்கத்தில் இருந்தவளிடம்.

தொட்டியை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்ததும் ஆண்கள் எல்லோரும் எதிர் மலையைப் பார்த்தார்கள். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டையைச் செருமி, "அதுக்குத்தான் வாசக்கூட்டி வீட்டாளுங்க இருக்காங்கல்ல," என்றார். பரம்பரையாக லயத்துக் கான் கழுவுகிற குடும்பத்தைச் சொன்னார்.

"ஏன் தலைவரே, அவங்க வயித்துல இருந்து மட்டுமா வருது?" என்றார் அந்த அம்மா. "நான் பாக்குறேன். எனக்குத் தோட்டத்துலயும் வேல இல்ல, வீட்டுலயும் ஆள் இல்ல."

அவர் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இந்த வேலைக்கு வரவேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவமானப்படப்போகிறார் என்று நினைத்தேன். அவமானப்பட்டதாக அவருக்குத் தெரியவே இல்லை.

குழாயில் மாட்டிக்கொள்ளும் சாமான்களை எடுத்து, கழுவி, வெந்நீரில் போட்டு, ஒரு கல்வாழை இலையில் வைத்து உரியவர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். யாரையும் கூப்பிட மாட்டார். ஒற்றைத் தோடு, பொம்மையின் கால், சாவி. ஒரு தடவை தலைவர் வீட்டுப் படியில் பச்சை இலைமேல் ஒரு பல் செட் சிரித்துக்கொண்டிருந்தது. தலைவர் குளிக்கும்போது தொலைத்தது. "எடுத்து எறிங்க அந்தக் கருமத்த!" என்று அவர் மனைவி போட்ட சத்தம் பீலிவரை கேட்டது. ஆனால் அடுத்த வாரம் மேதினக் கூட்டத்தில் தலைவர் முழுப் பல்லோடுதான் பேசினார். அது எங்கே போய்வந்த பல் என்று தெரிந்த பதினெட்டு வீட்டாரும் முன்வரிசையில் உட்கார்ந்து குனிந்துகொண்டே கேட்டோம். அன்றைக்கு அந்த அம்மா மட்டும் நிமிர்ந்து கை தட்டினார்.

இன்னொரு தடவை தொட்டி மந்தமாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கத்திலும் கொங்கிரீட் மூடி போட்ட சின்னக் குழி ஒன்று உண்டு. அந்த வீட்டுக் குழாய் அதன் வழியாகத்தான் போகும். அவர் தொட்டியடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மூடியாகத் திறந்து, போத்தலை இறக்கி, மோந்து, மூடி, அடுத்ததுக்கு நடந்தார். கடைசியில் போய் நின்றது தலைவர் வீடு. உருளைக்கிழங்குப் பாத்திக்கு மருந்தடித்துவிட்டுத் தலைவர் மருந்துக் கேனைக் குளியலறையில் கழுவியிருக்கிறார். அந்த அம்மா அதைச் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு பிளேன்டீ குடித்து, கிழங்கு எப்படி என்று விசாரித்து, "அந்த மருந்துக் கேன ஒரு நாளைக்குக் குடுங்க தலைவரே, கல்வாழையில பூச்சி," என்று வாங்கிக்கொண்டு வந்தார். திருப்பிக் கொடுக்கவே இல்லை. தலைவர் மருந்தடிக்கும் நாளில் அவரே கேனைக் கொண்டுபோய்க் கொடுத்து, பாத்தி ஓரத்திலேயே நின்று, அங்கேயே கழுவி எடுத்து வருவார். தலைவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை. கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

இதுதான் அவர். தெரிந்துகொள்வார், சொல்ல மாட்டார், பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். மற்றவர்களுக்கு இது வேடிக்கை. எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கூச்சம் இருந்தது. நாம் கதவைச் சாத்திக்கொண்டு செய்வதெல்லாம் ஒருத்தரின் ஜாம் போத்தலில் தெரிகிறது என்றால் எப்படி இருக்கும்?

எனக்கு ஒரே மகள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள். அவள் இருமினால் நான் எழுந்து உட்காருவேன். "நீங்க படுங்க, அவ தூங்குறா," என்பாள் மனைவி. ஒன்பது வயதில் அவளுக்கு மஞ்சக்காமாலை வந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளானதை முதலில் கண்டது அந்த அம்மாதான். கல்வாழைப் பூ கேட்டு ஓடியவளைப் பிடித்து நிறுத்தி, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சொன்னார்: "சார், பாப்பாவ இன்னைக்கே டவுனுக்குக் கூட்டிட்டுப் போங்க."

பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அசுத்தமான தண்ணீரால், உணவால் வருவது என்றார் வைத்தியர். எங்கிருந்து என்று சொல்ல முடியாது, பாடசாலையாக இருக்கலாம், கடைப் பலகாரமாக இருக்கலாம், கையைக் கழுவுங்கள், தண்ணீரைக் கொதிக்கவையுங்கள் என்றார். என் காதில் விழுந்தது "அசுத்தம்" என்ற ஒரு சொல் மட்டும். என் கண்முன் வந்து நின்றது தொட்டியும், அதில் கைவிட்டு அளையும் அந்த அம்மாவும், அவர் கையிலிருந்து என் பிள்ளை வாங்கிய சிவப்புப் பூக்களும்.

வீட்டுக்கு வந்த அன்றே மேசையில் காய்ந்து கிடந்த பூவைத் தூக்கி எறிந்தேன். மகளிடம், அந்த அம்மா பக்கம் போகக்கூடாது என்றேன்.

"அவங்க ஒண்ணும் செய்யலயே அப்பா."

"போகக்கூடாதுன்னா போகக்கூடாது."

எங்கள் வீட்டுப் பின்பக்க மூடியின்மேல், அவர் வந்து திறக்கக்கூடாது என்று, ஆறு பூச்சட்டிகளை வரிசையாக அடுக்கினேன். மனைவிக்கு ஜெரேனியம் பிடிக்கும் என்று காரணம் சொன்னேன். பிறகு பாடசாலை ஸ்டோரிலிருந்து, கொரோனா காலத்தில் தெளிப்பதற்கு வந்து மிச்சமாகிக் கிடந்த குளோரின் தூள் வாளி ஒன்றைக் கொண்டுவந்தேன். மகளின் பால்மா டின்னில் வந்த நீலப் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி, தண்ணீரில் கரைத்து, காலையில் ஒரு வாளி, பாடசாலை விட்டு வந்ததும் ஒரு வாளி, மலசலகூடத்தில் ஊற்றினேன். கண் எரியும். அந்த எரிச்சல் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் கரண்டி கை தவறி உள்ளே விழுந்து தண்ணீரோடு போய்விட்டது. அதன் பிறகு சிரட்டையால் அள்ளினேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு என்னையே விளங்குவதில்லை. அந்த வாரங்களில்தான் பத்தாம் வகுப்புக்குப் பிரிகையாக்கிகள் பாடம் எடுத்தேன். பற்றீரியா சேதனப் பொருட்களை உக்கச் செய்கிறது. குளோரின் பற்றீரியாவைக் கொல்லும். கரும்பலகையில் நானே எழுதினேன். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து வாளியைத் தூக்கினேன். இரண்டையும் ஒரே மூளைதான் செய்ததா?

ஐந்தாறு வாரத்தில் தொட்டி கெட்டது. காற்று இறங்கும் நேரத்தில் அழுகிய முட்டை நாற்றம். பாத்தியில் கறுப்பு நுரை. கல்வாழை இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகின. அந்த அம்மா போத்தலைத் தூக்கிப் பிடித்துவிட்டு, அந்த மூன்றில் எதையும் சொல்லாமல் இருந்த நாட்கள் அவை. வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். வாசலில் நின்று மூச்சை இழுத்தார்.

"நல்ல வாசமா இருக்கே."

"சார் தரை கழுவுறாரு பெரியம்மா, புள்ளைக்கு நோய் வந்ததுல இருந்து இப்படித்தான்," என்றாள் மனைவி.

"கழுவட்டும், கழுவட்டும்." என்னைப் பார்த்தார். "சார், பாப்பாவுக்கு மருந்து மாத்திரை இன்னும் குடுக்குறீங்களா? அது போனாலும் தொட்டிக்கு ஒத்துக்காது."

"இல்ல, நிப்பாட்டியாச்சு."

"வேற ஒண்ணும் இல்லதானே சார்?"

"வேற என்னா இருக்கப் போகுது?"

பின்பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். பூச்சட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பூச்சட்டி நல்லாருக்கு," என்றார். போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து தொட்டிக்குச் சாணி கரைத்து ஊற்றத் தொடங்கினார். "வயிறு செத்துப்போச்சு, புதுசா வெதைக்கணும்," என்றார் கேட்டவர்களிடம். மாட்டுப்பட்டியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார். "பீத்தொட்டிக்குச் சாணிச்சோறு ஊட்டுது கெழவி," என்று தலைவர் சிரித்தார். மீதிக் குழாயைப் போட்டுத் தரச் சொல்லி அவரிடம் நச்சரித்ததும் அந்த வாரம்தான். "தொட்டி சரியாகுற வரைக்குமாவது தண்ணிய வேற பக்கம் திருப்பணும் தலைவரே, கீழ ஆளுங்க குடிக்கிறாங்க." மேனேஜர் துரையிடம் சொல்கிறேன் என்றார் தலைவர். சொன்னாரோ என்னவோ.

அவர் ஊற்றிக்கொண்டிருந்தார், நானும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு நான்கு நாள் விடாத மழை. பாத்தி நிரம்பி வழிந்து, கானில் இறங்கி, பீலிக்கு மேலே குளமாக நின்றது. கீழ் லயத்தில் முதலில் இரண்டு பேருக்கு வயிற்றோட்டம், பிறகு ஒன்பது பேருக்கு. நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்று கண் செருகிப் போக, கொழுந்து லொறியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதன் தாய் லொறியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனதை நான் பாடசாலை வாசலில் நின்று பார்த்தேன். பதினாறு நாள் என் மகளின் கன்னத்தை நான் தட்டியதும் அப்படித்தான். குழந்தை பிழைத்துக்கொண்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

மூன்றாம் நாள் பெரட்டுக்களத்தில் கூட்டம். சுகாதாரப் பரிசோதகர் வந்திருந்தார். இளைஞர், நல்ல மனிதர், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

தொட்டியில் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டார். அந்த அம்மா எழுந்து நின்று, படங்கில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சாணி கரைச்சு ஊத்துனேன் ஐயா. ஆனா அதுக்கு முன்னாடியே வயிறு செத்துப்போச்சு. எதனால செத்துச்சுன்னு பாக்கணும்."

நான் சிங்களத்தில், "சாணி கரைத்து ஊற்றினாராம்," என்றேன். அதோடு நிறுத்தினேன்.

இரண்டு மொழியும் தெரிந்த பையன்கள் பத்துப் பேராவது அங்கே இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியின் வயிறு என்பது அவர்களுக்கு ஒரு கிழவியின் பேச்சு. அதை விட்டதை யார் கவனிக்கப்போகிறார்கள்? விளங்கிக்கொண்டிருக்கக்கூடியவர் அந்தப் பரிசோதகர் ஒருவர்தான். அவருக்குத்தான் நான் சொல்லவில்லை.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. சாணி ஊத்துனா இப்படி வயித்தால போகுமா, போகாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தார்.

"போகலாம்," என்றேன்.

அது பொய்யல்ல. அதைத்தான் இன்றுவரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சாணியிலும் நோய்க்கிருமி உண்டு. தொட்டி நன்றாக இருந்தால் தங்கியிருக்கும். கெட்டிருந்தால், மழையும் பெய்தால், அப்படியே கீழே போகும். எந்தப் பரீட்சையிலும் அந்த விடைக்குப் புள்ளி கிடைக்கும். தொட்டி ஏன் கெட்டது என்பது அடுத்த கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு வீட்டுக் குளோரின் பதினெட்டு வீட்டுத் தொட்டியைக் கொல்லுமா என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கொல்லும் என்று வருகிறது, ஒரு நாள் கொல்லாது என்று வருகிறது.

அந்த அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். என் கையாலதான் ஆச்சு," என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர் அன்று அதை நம்பினாரா, எனக்காகச் சொன்னாரா?

அவர் சாமான் வைக்கும் தொட்டிக் கொட்டகையின் சாவியை அன்றே வாங்கிக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து அவருடைய மகள் வந்து கூட்டிக்கொண்டு போன நாளில், பஸ்ஸுக்கு நடந்த பாதையில் கீழ் லயத்துத் தாய் ஆஸ்பத்திரியிலிருந்து எதிரே வந்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே வீசினாள். "எம்புள்ளயக் கொல்லப் பாத்தியே!" அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புள்ள தண்ணி குடிக்குதா இப்ப?" என்று கேட்டார். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பாடசாலை வாசலில் நின்று நான் இதையும் பார்த்தேன்.

ஒரே வாரத்தில் ஓடை வரைக்கும் குழாய் வந்தது. அத்தனை நாள் கேட்டும் வராதது.

தொட்டியைப் பார்க்க ஆளில்லை. "சாருக்குத்தான் விஞ்ஞானம் தெரியும்," என்று தலைவர் சாவியை என் கையில் வைத்தார். மறுக்க எனக்கு முகம் இல்லை. கொட்டகையில் ஜாம் போத்தல் கயிறோடு ஆணியில் தொங்கியது. அவர் செய்ததுபோலத் தொட்டியடியிலிருந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டு வந்தேன். கடைசியில் என் வீட்டுப் பின்பக்கம்.

பூச்சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். நான்காவது சட்டியின் அடியில், காய்ந்து சருகான ஒரு கல்வாழை இலைத் துண்டு. அதன்மேல் நீலக் கரண்டி. கழுவித் துடைத்து வைத்தது.

மற்ற எல்லோருக்கும் வாசற்படியில்தான் வைத்தார். எனக்கு மட்டும் சட்டிக்கு அடியில். வாசலில் வைத்திருந்தால் மனைவி கண்டிருப்பாள், மகள் கண்டிருப்பாள், அடுத்த வீட்டார் கண்டிருப்பார்கள். எப்போது வைத்தார்? கூட்டத்துக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால், நான் "போகலாம்" என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை வேறு. பின்னால் என்றால் வேறு. அல்லது அது கண்டெடுத்த ஒரு பிள்ளைச் சாமான், அவ்வளவுதானா? கரண்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

குளோரினை எப்போதோ நிறுத்திவிட்டேன். இருந்தும் தொட்டி தேறவில்லை. பாடப்புத்தகத்தைப் புரட்டினேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். கடைசியில் மாட்டுப்பட்டிக்குத்தான் போனேன். புதுக் குழாய் ஓடைக்குப் போகிறதா என்று இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு, சாணியைக் கரைத்துச் சுமந்துகொண்டு ஏறினேன்.

தொட்டியருகே கீழ் லயத்துத் தாய் விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்தாள். நின்றாள்.

"என்னா சார் அது வாளியில?"

"சாணி."

விறகை இறக்கி வைத்தாள். "அந்தம்மா ஊத்துனா எம்புள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும். சார் ஊத்துனா தொட்டிக்கு மருந்தா?"

வாளியைக் கீழே வைத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பையிலிருந்து கரண்டியை எடுத்து அவளிடம் காட்டினேன். பிறகு சொன்னேன். மஞ்சக்காமாலை, குளோரின், பூச்சட்டி, கூட்டத்தில் நான் சிங்களத்தில் சொன்னது, சொல்லாமல் விட்டது, எல்லாம். வரிசை இல்லாமல்தான் சொன்னேன்.

"இத எங்கிட்ட ஏன் சார் இப்ப சொல்றீங்க? அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னாடியும் வாய் இருந்துச்சுதானே?"

"இருந்துச்சு."

"அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

விறகைத் தலைக்குத் தூக்கினாள். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தோளை விலக்கினாள். நாலு அடி இறங்கித் திரும்பினாள். "நான் அவங்க மூஞ்சியில மண்ண வீசுனேன் சார்," என்றாள். அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலையே, தொட்டி மேட்டில் நின்று, அந்த அம்மாவின் மகளுடைய இலக்கத்துக்கு அடித்தேன். அந்த அம்மாவே எடுத்தார். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அம்மா, நான் பாடசாலை சார் பேசுறேன்."

"தண்ணி எப்படி இருக்கு சார்?"

"சோம்பலா இருக்கு."

"நாலு நாளைக்கு அப்படித்தான் இருக்கும். சாணிய ரொம்ப கெட்டியா கரைக்காதீங்க."

நான் சாணி என்று சொல்லவே இல்லை. பிறகு, அந்தத் தாயிடம் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் அவர் "ம்" கூடக் கொட்டவில்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "அம்மா?" என்றேன். "இருக்கேன், சொல்லுங்க," என்றார்.

"கரண்டிய நீங்கதான் வச்சீங்களா அம்மா?"

"எந்தக் கரண்டிங்க சார்?"

"நீலக் கரண்டி. பால்மா டின்ல வர்றது."

"எத்தனையோ சாமான் கெடைச்சுச்சு. எனக்கு என்னா ஞாபகம்?" குக்கர் இன்னொரு தடவை கத்தியது. "பாப்பா சாப்பிடுதா? கண்ணு வெளுத்திருச்சா?"

"வெளுத்திருச்சு. நல்லா சாப்பிடுது."

"கீழ் லயத்துப் புள்ள?"

"ஓடி விளையாடுது அம்மா. அடுத்த பெரட்டுல நான் எல்லாருக்கும் முன்னாடி சொல்லப்போறேன். நீங்க திரும்பி வரணும்."

யாருடன் பேசுகிறீர்கள் என்று மகள் உள்ளிருந்து கேட்பதும், "நம்ம தோட்டத்து சார்," என்று இவர் சொல்வதும் கேட்டது.

"அம்மா, அன்னைக்கு கூட்டத்துல உங்களுக்குத் தெரியுமா?"

குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"சார், அந்த மூடிமேல பூச்சட்டிங்க இன்னும் இருக்கா?"

"இல்லம்மா. எடுத்துட்டேன்."

"அப்ப சரி," என்றார்.